மெதுவாகக் கரையும் சீனி

காலையில் ஆலைக்குள் நுழைந்ததும் செல்லாயி தோளில் தொங்கும் துணிப்பையைக்கூட இறக்கமாட்டாள். நேராகப் பின்கட்டில் இருக்கும் சூட்டறைக்குப் போய், அங்கே வரிசையாக நிற்கும் கண்ணாடித் தூண்களை ஒவ்வொன்றாகப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பாள். காய்ச்சல் கண்ட பிள்ளையின் கழுத்தடியில் தாய்மார் தொட்டுப் பார்ப்பார்களே, அப்படி. தூணின் இடுப்பில் வெப்பமானி செருகியிருக்கும். அதை அவள் திரும்பியும் பார்ப்பதில்லை.

"வெப்பமானி கிடக்குதெல்லே, பிறகேன் கையாலை தொட்டுப் பாக்கிறீர்?" என்பார் மயில்வாகனம். அந்த அறைக்குப் பொறுப்பான இரசாயனர் அவர்.

"அது நம்பரத்தான் ஐயா சொல்லும். புள்ளைக்கு எப்படி இருக்குன்னு சொல்லுமா?"

பெரும்பாலும் அவள் கணிப்பு தப்பாகத்தான் இருக்கும். மூன்றாவது தூண் சில்லிட்டுவிட்டது என்பாள். வெப்பமானி சரியாகவே காட்டும். மழைநாளில் அவள் கை குளிர்ந்திருந்தால் எல்லாத் தூணும் சுடுகிறது என்று பதறுவாள். மயில்வாகனம் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, எண்ணை வாய்விட்டுப் படிப்பார். "சரி, இருக்கட்டும்" என்று வெப்பமானிக்கே பெரிய மனது பண்ணிவிட்டது போல் சொல்லிக்கொண்டு அப்புறம்தான் பையை ஆணியில் மாட்டுவாள்.

தூண்களுக்குள் இருந்தவை வெளிர்மஞ்சள் மணிகள். முதல்முறை பார்ப்பவர்கள் ஊறவைத்த ஜவ்வரிசி என்றுதான் நினைப்பார்கள். ஒவ்வொரு மணிக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கூட்டம் கூட்டமாக அடைபட்டிருந்தன. மேலே இருந்து சீனிப்பாகை மெல்ல விட்டால், அது மணிகளின் இடுக்குகளில் புகுந்து அடியில் வந்து சேர்வதற்குள் வேறொரு சீனியாகிவிடும். தேனில் துளியூண்டு இயற்கையாகவே இருக்கிற சீனி அது. இனிப்பு பாதிதான். ஆனால் பல்லைச் சொத்தையாக்காது.

ஈப்போவை அடுத்த மெங்லெம்புவில் மிட்டாய் ஆலை வைத்திருந்த சீன முதலாளியான தவுக்கேக்கு வாயில் ஒரு பல்கூட சொந்தப் பல் இல்லை. மிட்டாய் தின்று தின்றே போனவை என்று பொய்ப்பல் தெரியச் சிரிப்பார். பல்லைக் கெடுக்காத மிட்டாய் ஒன்று செய்து சிங்கப்பூர் வரைக்கும் விற்க வேண்டும் என்பது அவருடைய கனவு. அதற்காகவே மயில்வாகனத்தை ஜப்பானுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். அவர் திரும்பி வந்து தூண்களை நிறுத்தியது எண்பத்திரண்டில். மணி செய்யவும், தூண்களுக்குப் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளவும் பொறுமையான ஓர் ஆள் வேண்டும் என்றபோது, மிட்டாய்க்குத் தாள் சுற்றிக்கொண்டிருந்த பெண்களில் செல்லாயியைக் கை காட்டினார் தவுக்கே. "ஆயா, ஜாகா பாயிக்-பாயிக்" என்றார். நன்றாகப் பார்த்துக்கொள் என்பதற்கு அவர் வழக்கமாகச் சொல்லும் மலாய்.

ஆயா என்பது அவர் சும்மா கூப்பிட்ட பெயரில்லை. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் செல்லாயி உண்மையிலேயே ஆயாவாக இருந்தவள். விடிவதற்கு முன் பால் வடிய மரப்பட்டையைக் கீறும் பால்மர வெட்டுக்குப் போகிற பெண்கள் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் குழந்தைகளை ஆயாக்கொட்டகையில் அவள் கையில் திணித்துவிட்டு ஓடுவார்கள். உத்தரத்தில் சாரத் துணியால் கட்டிய ஏணைத்தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். எல்லா ஏணைகளையும் ஒரே கயிற்றில் பிணைத்து, கயிற்றின் முனையைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு ஆட்டுவாள் செல்லாயி. கை இரண்டும் பால் கலக்கிக்கொண்டிருக்கும். அவளுக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. ஆனால் தோட்டத்தில் மீசை முளைத்த பயல்களில் பாதிப்பேருக்குக் கால் கழுவிவிட்டவள் அவள்தான்.

எழுபதுகளின் நடுவில் தோட்டம் கைமாறியது. பால்மரங்களைச் சாய்த்துவிட்டுச் எண்ணெய்க்கான செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு அத்தனை ஆள் தேவையில்லை. லயம் லயமாக, வரிசை வீடுகளைக் காலி செய்துகொண்டு சனங்கள் கிளம்பிப் போனார்கள். சிலர் பாகான் டத்தோவின் தென்னந்தோப்புகளுக்கு, சிலர் பட்டணத்து ஆலைகளுக்கு. செல்லாயியும் அவள் கணவன் சன்னாசியும் ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் ஒண்டிக்கொண்டார்கள். கொட்டகை போனாலும் பழக்கம் போகவில்லை. சூட்டறையில் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது, வலது காலின் பெருவிரல் தானாக முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கும். காலில் கயிறு இல்லை என்பது காலுக்குத் தெரியாது.

மணி செய்கிற நாள்தான் அவளுக்குத் திருநாள். தொட்டியில் வளர்த்துத் திரட்டிய நுண்ணுயிர்க் கூழை, கடற்பாசியிலிருந்து எடுத்த பசையோடு மயில்வாகனம் கலந்து கொடுப்பார். அதை ஊசித்துளைகள் வழியே உப்புக் கரைசலுக்குள் சொட்டவிட வேண்டும். சொட்டு நீரைத் தொட்ட மாத்திரத்தில் இறுகி உருண்டையாகிவிடும். செல்லாயி அதைப் பார்க்கும்போதெல்லாம், முதல் தடவை பார்ப்பவள் போலவே, "அடி ஆத்தீ" என்பாள். அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து சொல்லில்லாத ஒரு முனகல் கிளம்பும். தாலாட்டுதான், வார்த்தைகளைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு ராகத்தை மட்டும் கொண்டுவந்திருந்தாள்.

ஒருநாள் சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ஏன் ஐயா, இதுங்கள இப்படி உருண்டைக்குள்ள போட்டு அடைக்கணும்? சும்மா பாகுல விட்டா திங்காதா?"

மயில்வாகனத்துக்கு விளக்கம் சொல்லப் பிடிக்கும். கேட்பதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. "தின்னும். ஆனால் பாகோடை சேர்ந்து அள்ளுப்பட்டுப் போயிடும். ஒவ்வொரு முறையும் புதுசாய் வளக்க வேணும். இப்பிடி ஓரிடத்திலை பிடிச்சு வைச்சால் மாதக்கணக்கிலை இருந்த இடத்திலையே வேலை செய்யும்."

"ஓ. எங்கள லயத்துல வச்சிருந்த மாதிரி."

மயில்வாகனம் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவருடைய தகப்பனார் ஒரு தோட்டத்தில் பெரிய கிராணியாக, தலைமைக் கணக்கராக இருந்தவர். விடிகாலையில் பிரட்டுக்களத்தில் நின்று ஆள்களின் பெயர் வாசித்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் மேட்டுப் பங்களாவிலிருந்து லயத்தைப் பார்த்திருப்பார்களே தவிர லயத்துக்குள் வந்திருக்கமாட்டார்கள். ஆலையிலும் அவர் தன் குடுவையில் கொண்டுவந்த தேநீரைத் தவிர வேறொன்றும் குடிக்கமாட்டார். பெண்கள் பலகாரம் நீட்டினால், "எனக்கு வயித்துக்கு ஒத்துவராது" என்பார். கெட்ட மனிதர் இல்லை. செல்லாயியை ஒருநாளும் ஏசியதில்லை. ஆனால் அவருக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் ஒரு மேடு எப்போதும் இருந்தது.

முதல் தடவை தூணின் அடியிலிருந்து பாகு சொட்டியபோது தவுக்கே, மயில்வாகனம், செல்லாயி மூவரும் ஆளுக்கொரு கரண்டியோடு நின்றார்கள். தவுக்கே நாக்கில் வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்தார். மயில்வாகனம் செல்லாயியைப் பார்த்தார்.

"எப்பிடி?"

அவள் சப்புக்கொட்டி யோசித்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா கொஞ்சம் வெக்கப்படுது ஐயா. புதுப்பொண்ணு மாதிரி கதவுக்குப் பின்னாலயே நிக்குது."

அதற்குப் பிறகு மயில்வாகனமே அதை வெட்கச் சீனி என்று சொல்லத் தொடங்கினார். ஆலைக்கு வரும் வியாபாரிகளைச் சூட்டறைக்கு அழைத்துவந்து, தூண்களைக் காட்டி, ஆங்கிலத்திலும் மலாயிலும் தமிழிலும் மாறி மாறிப் பேசுவார். "சீனியிலை ரெண்டு பேர் கை கோத்து நிக்கினம். இதுகள் அந்தக் கையை விடுவிச்சு வேறை மாதிரிக் கோத்து விடுதுகள். அவ்வளவுதான். பல்லிலை இருக்கிற கிருமியாலை அந்தப் பிடியைப் பிரிக்க ஏலாது. எங்கடை உடம்பிலையும் மெதுவாய்த்தான் கரையும்."

மெதுவாய்த்தான் கரையும். நாற்காலியில் உட்கார்ந்து பெருவிரலை ஆட்டிக்கொண்டிருந்த செல்லாயியின் காதில் அந்த ஒரு வாக்கியம் மட்டும் போய்த் தங்கிவிட்டது.

காரணம் சன்னாசி. ஈப்போவுக்கு வந்த சில வருடத்தில் அவனுக்கு இனிப்புநீர், சர்க்கரை நோய் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் கெட்டிப்பாலும் சீனியும் போட்டு, கரண்டி நிற்கிற மாதிரித் தேநீர் குடித்தவன் அவன். பால் எடுத்து முடித்து வெயில் ஏறும் நேரத்தில் ஒரு கோப்பை உள்ளே போனால்தான் அவனுக்குப் பேச்சு வரும். பேச ஆரம்பித்தால் லயமே கூடிவிடும். ஆள்களை வேலை வாங்கும் தண்டல்காரன் நடப்பது போல் நடந்து காட்டுவான், துரை சைக்கிளிலிருந்து விழுந்ததை நடித்துக் காட்டுவான். பட்டணத்துக்கு வந்து ஒரு மரக்கிடங்கில் காவலுக்கு, ஜாகா வேலைக்குப் போனபிறகும் அந்தப் பேச்சு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. சீனியை நிறுத்தச் சொன்னதும் அதுவும் நின்றது. சீனி போடாத தேநீரை, தே ஓ கோசோங்கை, மருந்து மாதிரி ஒரே மடக்கில் குடித்துவிட்டு மரக்கிடங்குக்குப் போவான். வருவான். சுவரைப் பார்த்துக்கொண்டு படுப்பான்.

சோதனைக்கென்று எடுத்து மீந்த பாகைக் கால்வாயில் கொட்டிவிடுவது வழக்கம். செல்லாயி அதில் கொஞ்சத்தை ஒரு போத்தலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் மயில்வாகனம் வேண்டாம் என்றிருக்கமாட்டார், ஏன் என்று கேட்டிருப்பார். கேட்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. பிள்ளைகள் செய்த சீனி, மெதுவாகக் கரைகிற சீனி, மெதுவாக நடப்பவன் யாரையும் இடிக்கமாட்டான் என்கிற மாதிரி அவள் மனதில் ஒரு கணக்கு ஓடிவிட்டது.

"என்னாது இது?" என்றான் சன்னாசி, கோப்பையை முகர்ந்து.

"எங்க பூச்சிங்க செஞ்சது. ஒண்ணும் செய்யாது, மெதுவாத்தான் ஒடம்புல போகும்னு ஐயா சொன்னாரு. குடிங்க."

அவன் ஒரு வாய் குடித்தான். கோப்பையைக் கீழே வைக்கவில்லை. பாதி இனிப்புதான் என்பதால் அவள் இரண்டு மடங்கு ஊற்றியிருந்தாள். குடித்து முடித்துச் சற்று நேரம் கோப்பையின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தவன், திடீரென்று, "ஒங்க தவுக்கே சிரிச்சா பல்லு கீழ விழுந்துருமோன்னு பயந்து வாயப் பொத்துவாராமே, உண்மையா?" என்று கேட்டான். செல்லாயி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

அதன்பிறகு வந்த மாதங்களைப் பற்றிச் செல்லாயி இன்றும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசுவாள். சாயங்காலம் ஆலை பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வரும்போதே சன்னாசியின் குரல் வாசலில் கேட்கும். தோட்டத்திலிருந்து புந்தோங்குக்கு வந்து சிதறிக் கிடந்த பழைய சனங்கள் ஒவ்வொருவராக அவன் பேச்சைக் கேட்க வந்து சேர்ந்தார்கள். ஒருவர் வரும்போது கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலம் வாங்கி வருவார், இன்னொருவர் சும்மா வருவார். துரை மறுபடி சைக்கிளிலிருந்து விழுந்தார். பிரட்டுக்களமும், மாரியம்மன் கோயில் திருவிழாவில் மழைக்கு நனைந்த தேரும், வெள்ளம் வந்தபோது ஏணையோடு பிள்ளைகளை மேட்டுக்குத் தூக்கிப்போன கதையும் அந்தச் சின்ன வாசலில் திரும்பத் திரும்ப நடந்தன. அந்தக் கதையில் செல்லாயி வரும் இடத்தில் அவன் அவளைத் திரும்பிப் பார்ப்பான். "இந்தம்மாதான் லா, ரெண்டு இடுப்புலயும் ரெண்டு, முதுகுல ஒண்ணு" என்பான். அவள் உள்ளே போய் இன்னொரு கோப்பை கலக்கிக்கொண்டு வருவாள்.

அந்தக் காலத்தில் அவள் சூட்டறையில் தூண்களோடு பேசும் பேச்சும் கூடிப்போயிற்று. "நேத்து ஒங்க சீனிய குடிச்சிட்டு மனுசன் பாட்டே பாடுனாரு, தெரியுமா?" என்று மணிகளிடம் சொல்வாள். மயில்வாகனம் மேசையிலிருந்து தலை தூக்கி, யாரோடு பேசுகிறாள் என்று பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொள்வார்.

எண்பத்தைந்தில், பள்ளி விடுமுறை சமயத்தில், சன்னாசி மரக்கிடங்கு வாசலில் சுருண்டு விழுந்தான். குதிகாலில் ஒரு புண் இருந்தது. செருப்புக் கடித்தது என்று சொல்லி அவன் துணி சுற்றி வைத்திருந்தான். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் துணியை அவிழ்த்த தாதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரத்தத்தில் சீனி எங்கேயோ ஏறிக் கிடக்கிறது, பாதத்தை எடுத்தால்தான் ஆளைக் காப்பாற்ற முடியும் என்றார் டாக்டர். என்ன சாப்பிட்டார் என்று கேட்டார்.

"சீனியே தொடல டாக்டர்" என்றாள் செல்லாயி. "பல்லக் கெடுக்காத சீனி மட்டும்தான்."

டாக்டர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் அவளுக்கு விளங்க ஆரம்பித்தது.

மறுநாள் அவள் ஆலைக்குப் போனாள். தூண்களைத் தொடவில்லை. பை தோளிலேயே இருக்க, மயில்வாகனத்தின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"மெதுவாத்தானே போகும்னு சொன்னீங்க ஐயா?"

அவர் ஒன்றும் புரியாமல் நிமிர்ந்தார். அவள் சொன்னாள். போத்தல், தேநீர், பாதம் எல்லாவற்றையும் சொன்னாள். அழவில்லை. கடைக்காரனிடம் பொருளைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் போல் நின்றாள்.

"ஐயோ செல்லாயி" என்றார் மயில்வாகனம். "மெதுவாய்ப் போனாலும் போய்ச் சேருற இடம் ஒண்டுதானே. அதுவும் சீனிதான். இனிப்புநீர் வருத்தக்காரருக்குக் குடுக்கலாமெண்டு நான் சொல்லேல்லையே."

"சொல்லல."

"அப்ப ஏன் ஒரு வார்த்தை கேக்கேல்லை நீர்?"

"நீங்க அத்தன பேருக்கும் சந்தோசமா சொல்லிட்டு இருந்தீங்க" என்றாள் அவள். "எனக்கும் சேத்துத்தான் சொல்றீங்கன்னு நெனச்சிட்டேன்."

மயில்வாகனம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். அவள் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போகும்போதும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பாதம் எடுத்த பிறகு ஒரு பின்னேரம், பார்வையாளர் நேரத்தில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு அவர் வார்டுக்கு வந்தார். கையில் ஆரஞ்சுப் பழங்கள். வந்த பிறகுதான் அதுவும் இனிப்பு என்பது உறைத்தது போலும். பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தார். செல்லாயி எழுந்து நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு, குடுவையை எடுத்துக்கொண்டு வெந்நீர் பிடிக்கப் போனாள்.

திரும்பி வரும்போது கட்டிலைச் சுற்றி மறைப்புத் துணி இழுத்துவிட்டிருந்தது. கட்டு மாற்றிவிட்டுப் போன தாதி அதை விலக்க மறந்திருந்தாள். உள்ளே சன்னாசியின் குரல் கேட்டது. தணிவாக, ஆனால் பழைய மாதிரிக் கதை சொல்கிற குரல்.

"அவள ஏசாதீங்க ஐயா."

"நான் ஏசேல்லை. பிழை என்னிலைதான்."

"ஒங்க பிழையும் இல்ல லா. எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"ரெண்டு மாசமா தாகம். ஒண்ணுக்குப் போற எடத்துல எறும்பு மொய்ச்சுச்சு. முன்னயும் அப்படித்தான் மொய்ச்சுச்சு, அப்பத்தான் இனிப்புநீருன்னு கண்டுபிடிச்சாங்க. பாத்த ஒடனே தெரிஞ்சிருச்சு. தண்ணி ஊத்திக் கழுவி விட்டுருவேன், அவ பாக்கக் கூடாதுன்னு."

மறைப்புக்கு இந்தப் பக்கம் செல்லாயி குடுவையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தெரிஞ்சும் ஏன் குடிச்சனீங்கள்?" என்று மயில்வாகனம் கேட்டார்.

சன்னாசி குரலை இன்னும் தணித்தான். "அவ கையில கோப்பையோட வர்றப்ப மூஞ்சியப் பாத்திருக்கணும் ஐயா. தோட்டத்துல பாத்த மூஞ்சி. பட்டணத்துக்கு வந்து அத நான் பாக்கவே இல்ல. வேணாம்னு எப்படிச் சொல்றது?" பிறகு சொன்னான்: "அவகிட்ட சொல்லிராதீங்க. சூசாவாப் போயிரும், மனசு ஒடிஞ்சிருவா."

செல்லாயி சத்தம் போடாமல் வந்த வழியே திரும்பினாள். வெந்நீர்க் குழாய் வரைக்கும் போய், நிறைந்திருந்த குடுவையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, மறுபடி பிடித்தாள். இந்த முறை செருப்பைத் தரையில் தேய்த்து, வருவது தெரிகிற மாதிரி நடந்து வந்தாள்.

மயில்வாகனம் எழுந்து நின்றார். "இருங்கோ, நீங்கள் இருங்கோ" என்று நாற்காலியைத் திருப்பிக் கொடுத்தார். அவளை அவர் நீங்கள் என்று சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை. சொன்னதை அவரே கவனித்தாரா என்று அவளுக்குத் தெரியாது.

ஆலைக்குத் திரும்பி வந்தபோது செல்லாயி தூண்களோடு பேசவில்லை. வேலையில் குறை வைக்கவில்லை. பாகு தீராமல் பார்த்துக்கொண்டாள், மணிகளைக் கழுவினாள், வெப்பமானியைப் படித்தாள். ஆம், வெப்பமானியைப் படித்தாள். புறங்கை அதன் பிறகு கண்ணாடியின் பக்கம் போகவில்லை. மயில்வாகனம் அதைப் பார்த்தும் பார்க்காதவர் போலிருந்தார். முன்பு அவள் சூட்டைப் பிழையாகச் சொன்னபோதெல்லாம் எண்ணை வாய்விட்டுப் படித்துத் திருத்தியவர், இப்போது அறை ரொம்ப அமைதியாயிருக்கிறதென்று சின்ன ரேடியோ ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

அந்த வருடக் கடைசியில் ஈயத்தின் விலை சரிந்தது. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டும் லம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. தவுக்கேயின் தொழிலுக்குத் தூணாக இருந்தது மிட்டாய் இல்லை, ஈயம்தான் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. பல்லைக் கெடுக்காத மிட்டாய் சிங்கப்பூருக்குப் போகவே இல்லை. சூட்டறையை மூடச் சொன்னபோது அவர் அந்தப் பக்கம் வரவில்லை, ஆள் அனுப்பினார்.

மணிகளை அப்படியே கால்வாயில் கொட்டக் கூடாது, கொதிக்க வைத்துத்தான் கொட்ட வேண்டும் என்றார் மயில்வாகனம். தானே செய்வதாகவும் சொன்னார். செல்லாயி கேட்கவில்லை. தூண்களைத் திறந்து மணிகளை அண்டாவில் வடித்தாள். பச்சைத் தண்ணீரை ஊற்றப் போனவர் கையைத் தடுத்து, வெதுவெதுப்பான தண்ணீராகப் பார்த்து ஊற்றினாள். அடுப்பைச் சின்னதாக ஏற்றினாள்.

"எப்பிடியும் கொதிக்கத்தானே போகுது?" என்றார் அவர்.

"கொதிக்கட்டும் ஐயா. திடீர்னு குளிர வேணாம்."

பல மாதத்துக்குப் பிறகு அவள் அவற்றைப் பற்றிச் சொன்ன வார்த்தை அது. தண்ணீர் சூடேறும் வரைக்கும் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றாள். ஆவி கிளம்பியதும் வெளியே போய் ஆலை மதிலில் சாய்ந்துகொண்டாள்.

இப்போது செல்லாயி புந்தோங்கில் கச்சாங் பூத்தே பொரிக்கும் கொட்டகை ஒன்றில் வேலை செய்கிறாள். கடலை மாவும் மிளகாயும் எண்ணெயும் மணக்கும் இடம். சேலையைத் துவைத்தாலும் அந்த மணம் போவதில்லை. இனிப்பு வேலையைவிட உறைப்பு வேலை மேல் என்கிறாள். "கண்ணு எரியும், அவ்வளவுதான். நம்பி ஏமாற ஒண்ணும் இல்ல." ஆனாலும் முறுக்குப் பிழிகிறபோது மாவு எண்ணெயில் விழும் நேரத்தில் அவளுக்கு வாயில் அந்த முனகல் வந்துவிடும். கூட வேலை செய்யும் பெண்கள் என்ன பாட்டு என்று கேட்பார்கள். சூட்டறையைப் பற்றிச் சொல்லத் தொடங்குவாள். மழைநாளில் வெளியே ஊரெல்லாம் நடுங்கும்போது அந்த அறை மட்டும் கதகதப்பாய் இருக்கும் என்பாள். பாகு சொட்டும் சத்தம், ஈரச் சீனியின் வாசனை, மூக்கு நுனியில் கண்ணாடியோடு குனிந்திருக்கும் ஒரு மனிதர். அப்படி ஓர் இடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கத் தனக்கும் கொஞ்ச காலம் கொடுத்துவைத்திருந்தது என்பாள். அதற்குமேல் அந்தக் கதை போகாது.

சூட்டறையை மூடிய பிறகு, மயில்வாகனம் கமுந்திங்கில் ஓர் ஆலையில் வேலை கிடைத்துக் குடிபெயர்வதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். குனிந்து வாசலில் நுழைந்தார். சன்னாசி கட்டைக்காலைக் கழற்றி வைத்துவிட்டு மரப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எழ முயன்றவனைத் தோளைத் தொட்டு அமர்த்திவிட்டு அவரும் அதே பெஞ்சில் உட்கார்ந்தார். ஊரைப் பற்றி, மழையைப் பற்றிப் பேசினார்கள். சன்னாசி அதற்குள் அதிகம் பேசுவதை விட்டிருந்தான். மயில்வாகனமும் பேசத் தெரிந்தவரில்லை. பேச்சு அடிக்கடி நின்று நின்று போயிற்று.

செல்லாயி என்ன கொடுப்பது என்று தெரியாமல் கதவு நிலையில் நின்றாள். ஆலையில் அவர் யார் கையாலும் ஒன்றும் வாங்கிக் குடித்ததில்லை.

"தேத்தண்ணி இருந்தால் தாங்கோ" என்றார் அவர்.

அவள் உள்ளே போய் இரண்டு கோப்பைகள் கொண்டுவந்து பெஞ்சின் முனையில் வைத்தாள். விருந்தாளியின் கோப்பையில் கெட்டிப்பால் ஊற்றி, மேலே இரண்டு கரண்டி சீனியும் போட்டாள். "எனக்கும் சீனி வேண்டாமே" என்றார் மயில்வாகனம், பாலும் சீனியும் இல்லாத சன்னாசியின் கறுத்த கோப்பையைப் பார்த்து.

"நீங்க குடிங்க ஐயா. ஒங்களுக்கு என்னா?" என்று சொல்லிக்கொண்டே கலக்கினாள். அடியில் கிடந்த சீனி கரையும் வரைக்கும் கலக்கினாள். சன்னாசி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கிறானென்று தெரிந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

செல்லாயி கரண்டியை வெளியே எடுத்தாள். உதறவில்லை, கழுவவில்லை. பால் வடிந்துகொண்டிருந்த அந்த ஈரக் கரண்டியை அப்படியே சன்னாசியின் கோப்பைக்குள் விட்டு, ஒரே ஒரு சுற்றுச் சுற்றினாள்.